எந்தக் கணக்கில் எழுதுவது

வெள்ளி மாலை ஆறு மணிக்குள்
வாரத்தை ஒப்படைத்துவிட வேண்டும்,
கால்மணி கால்மணியாய் நறுக்கி
ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் ஒட்டி.
மறந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மின்னஞ்சல் வரும்,
சிரிக்கும் மஞ்சள் முகத்தோடு.
அடுத்த மின்னஞ்சலில் முகம் இருக்காது.

திங்களன்று வெல்பெர்ட்டில் இறங்கினேன்,
பூட்டுத் தொழிற்சாலை.
எழில் என்றேன்.
ஆலை மேலாளர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்:
ஏசல். ஏசல்.
அவர்கள் மொழியில் கழுதை.
என் மொழியில் வசவு.
இரண்டுக்கும் தலையாட்டினேன்.
ஒரு மணி நேரம், வாடிக்கையாளர் கணக்கு.

கடிகாரத்தைப் பார்க்காதே,
கைபேசியில் பார், அவர்களுக்கு உறுத்தாது
என்று சொல்லி அனுப்பியிருந்தான் பெனடிக்ட்.
மூன்றாம் வரிசையில் ஒரு பெண்
தாழ்ப்பாளுக்குள் சுருள்வில் வைக்கிறார்.
பதினோரு விநாடி.
பதினோரு விநாடி.
பன்னிரண்டு.
அந்த ஒரு விநாடியில் மூக்கைச் சொறிந்துகொண்டார்.
குறித்துக்கொண்டேன்.
நாளைக்கு எத்தனை மூக்கு, ஆண்டுக்கு எத்தனை,
ஐந்தாண்டில் எவ்வளவு யூரோ
என்று இரவு பதினொன்றரைக்குக் கணினி சொன்னது,
சன்னல் திறக்காத விடுதி அறையில்.

புதன்கிழமை உணவுக்கூடத்தில்
அவரே தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.
அன்னெகிரெட் டோம்ப்ரோவ்ஸ்கி.
அரைநாள் ஒப்பந்தம், ஒரு மணிக்குப் பேருந்து.
உங்கள் ஊரில் பூட்டு உண்டா என்று கேட்டார்.
நான் போயிராத திண்டுக்கல்லைச் சொன்னேன்.
கள்ளச்சாவி போட்டால்
சாவியைக் கவ்விக்கொண்டு
விடவே விடாத பூட்டு ஒன்று அங்கே உண்டாம்.
முள்கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்,
உருளைக்கிழங்கு ஆறும் வரை சிரித்தார்.
பிறகு திருடன் என்ன செய்வான்?
சாவியை விட்டுவிட்டு ஓடுவான்.
ஓட முடிந்தால், என்றார்,
என் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தபடி.

நாற்பது நிமிடம்.
இதற்கு எண் இல்லை.
எண் இல்லாத நேரம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால்
பேசக் கூப்பிடுவார்கள்.

அறிக்கையில் ஆட்களை
ஆட்கள் என்று எழுதக் கூடாது.
கொள்ளளவு.
முப்பத்தொன்று புள்ளி ஐந்து கொள்ளளவு மிகை.
அந்தப் புள்ளி ஐந்து
ஒரு மணிப் பேருந்தில் போகிறது என்று எனக்குத் தெரியும்.
பெனடிக்ட் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
நன்றாக இருக்கிறது, அந்தப் பச்சையை மட்டும்
கொஞ்சம் அடர்த்தியாக்கு.

அன்று மாலையே என் ஆண்டு மதிப்பீடும்.
பங்குதாரர் காரிலிருந்து பேசினார்,
ஒவ்வொரு சுரங்கப் பாதைக்கும் அறுந்து அறுந்து.
எதிர்பார்ப்பை நிறைவு...
முன்னே வந்து நிற்க...
உன்னிடம் இன்னும் பசி வேண்டும்.
காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று சொல்வதற்குள்
அடுத்த சுரங்கம் வந்துவிட்டது.

வூப்பர்டால் நிலையத்தில் ரயில் எழுபது நிமிடம் தாமதம்.
விலகல் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
தலைப்பு வந்தது. கீழே மூன்று புள்ளிகள் வந்தன:
பின்னணி, நோக்கம், அடுத்த கட்டம்.
அழித்தேன்.
தமிழில் எழுதினால் சரியாய் வரும் என்று
மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கினால்,
எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்
இன்று ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்
என்று கை தானே ஓடுகிறது.
வேறு கடிதம் நான் தமிழில் எழுதியதே இல்லை.

வேலை போனால்
நீல அட்டைக்கு எத்தனை மாதம்,
வாடகைக்கு எத்தனை மாதம்,
அதைக் கட்டம் போட்டுப் பார்க்க மட்டும்
யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஐந்து ஐம்பத்தெட்டு.
புதன்கிழமைக் கட்டம் இன்னும் வெள்ளையாய்க் கிடந்தது.
வாடிக்கையாளருடன் தொழில்நுட்பக் கலந்துரையாடல்,
முக்கால் மணி, என்று போட்டேன்.
நாற்பது முக்காலாகும், அது விதி.
அன்னெகிரெட் சிரித்த சிரிப்புக்கு
அவருடைய ஆலையே பணம் கட்டும்.

அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது,
நன்றி ஏசில், நல்ல வார இறுதி,
மஞ்சள் முகத்தோடு.