சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்

களியக்காவிளைச் சந்தையில்
மீன்வண்டி ஒழுக்கிய ஐஸ்தண்ணீரைத் தாண்டி
சுகுணன் கடைப் படியேறுகிறேன்.
பாறசாலை ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி,
பஸ்ஸில் பாதித் தூக்கம்.
கார் வாங்கி ஒன்பது நாள் ஆகிறது.
ஓட்டப் பயம். துடைக்கப் பயமில்லை.

கொக்கியில் தொங்குகின்றன
நீலம், மஞ்சள், சிவப்பு,
பின்னால் ஒதுங்கி ஒரு சாம்பல்.
"எல்லாம் ஒண்ணுதான் சேச்சி, கலர் மட்டும் வேற."
ஒன்றில்லை.
அட்டை மூலையில் எறும்பெழுத்தில் இருக்கிறது:
சதுர மீட்டருக்கு இருநூற்றிருபது கிராம்,
அடுத்தது முந்நூற்றறுபது,
சாம்பல் எழுநூறு,
குடித்த தண்ணீரைத் திருப்பித் தராத கனம்.

விலையை விட்டுவிட்டு விரலால் பார்க்கிறேன்.
நாளுக்கு நூறு தடவை ஸ்பிரிட் பட்டு
வெடித்துப்போன விரல்நுனியை
இழை ஒவ்வொன்றும் கொக்கி போட்டுப் பிடிக்கிறது.
பல் கூசுகிறது.
கூசினால் நல்ல துணி.
வழுக்கிக்கொண்டு போவது
சிரித்துப் பேசிக் கடன் கேட்கிறவன் மாதிரி.

அக்கா வீட்டு அத்தான் எட்வின்ராஜ்
பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்.
"அறுநூத்தி நாப்பது ரூவாயா?
பழைய சாரம் ஒண்ணு கிழிச்சா தீந்துது பிள்ளே."

அத்தான்,
இதை விற்ற நெய்யாற்றின்கரை வக்கீல்
பதினோரு வருஷம், தினம் காலையில்,
பழைய முண்டால்தான் துடைத்தாராம்.
சாவியைத் தரும்போது கண் கலங்கியது அவருக்கு.
வாருங்கள், கறுப்புப் பெயின்ட்மேல்
டார்ச் அடித்துக் காட்டுகிறேன்.
பானெட் முழுக்க வட்டம், வட்டத்துக்குள் வட்டம்,
சிலந்தி குடித்தனம் நடத்திய மாதிரி.
அவ்வளவும் பிரியம்.

நாங்கள் படித்தது வேறு.
முகத்துக்கு ஒரு துணி, காலுக்கு ஒரு துணி.
சுத்தத்திலிருந்து அழுக்குக்குப் போன கை
திரும்பி வருவதில்லை.
எண்பது வயது முதுகை
அழுத்தித் துடைத்தால் தோல் துணியோடு வரும்.
மடித்தால் எட்டு முகம், ஒரு முகம் ஒரு தடவை.
சுகுணன் சொன்னதும் ஒருவிதத்தில் சரி,
கலர்தான் வேற:
நீலம் பெயின்ட்டுக்கு,
மஞ்சள் கண்ணாடிக்கு,
சிவப்பு சக்கரத்துக்கு.
சிவப்பு மேலே ஏறவே கூடாது.

ஞாயிறு.
இரண்டாம் ஆராதனைக்கு மணி அடித்தபோது
துணியில் தைத்த லேபிள்களை
பாண்டேஜ் கத்தரியால் நறுக்கி முடித்திருந்தேன்.
கார் குளித்து நின்றது.
ஈரம் ஒற்ற சாம்பலை விரித்தேன்.
கை தவறி
சிமென்ட் தரையில் விழுந்தது.

"ஒண்ணு உதறி எடு," என்றார் அத்தான்.
நான் உதறவில்லை.
கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல்பொடி போதும்.
வார்டில் கீழே விழுந்ததை
யாரும் உதறி எடுப்பதில்லை.
இருநூற்றெண்பது ரூபாய்ச் சாம்பல்
அந்த நிமிஷத்திலிருந்து சக்கரத் துணி.

எந்தத் துணியும் வக்கீலின் வட்டங்களை எடுக்காது.
அதற்கு மெஷின் வேண்டும்,
மெஷினுக்குப் பணம் வேண்டும்.
என் கையால் இன்னொன்று கூடக்கூடாது.
அவ்வளவே.

ஒற்றாமல் விட்ட நீர்
காய்ந்து புள்ளி புள்ளியாய்க் கறைபிடிக்கும் முன்
கேரளத்துப் பக்கமிருந்து மழை வந்தது,
செக்போஸ்டில் நிற்காமல்.
அத்தான் வீட்டுக்குள் ஓடினார்.
நான் காருக்குள்.
வேறு வேலையில்லாமல் சாவியைத் திருகினேன்.
வைப்பர் ஒரே ஒரு தடவை அசைந்து
கண்ணாடியில் அழகாக
அரைவட்டம் ஒன்று கீறிக் காட்டியது.

சுற்றிலும் ரப்பர் மரம்.
என் வைப்பரில் ரப்பர் இல்லை.