பத்து சென்டிமீட்டர்

மனுவில் நாற்பத்து மூன்று கையெழுத்து.
எல்லாருக்கும் வேகத்தடை வேண்டும்,
எல்லாருக்கும் பக்கத்து வீட்டு வாசலில்.

தாதகாப்பட்டி, மூன்றாவது குறுக்கு.
மெயின் ரோடு அடைத்துக்கொண்டால்
அதன் அவசரமெல்லாம் உள்ளே வந்து விழும் தெரு.
நானும் சின்னப்பையனும் சாக்பீசால்
முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டோம்.
முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் அவன் கையை இறக்குவான்.
இரண்டாவதில் நான் செல்போனில் நேரத்தை நிறுத்துவேன்.
நான்கு நொடி என்றால் இருபத்தேழு கிலோமீட்டர்.
இரண்டு நொடி என்றால் ஐம்பத்து நாலு.
இரண்டு நொடியில்
ஒரு தும்மல் தும்மலாம்.
செருப்பில் ஒரு காலை நுழைக்கலாம்.
ஒரு பெயரைப் பாதி கூப்பிடலாம்.

டேப்பின் அந்தப் பக்கத்து நுனியைப்
பூவிழி பிடித்துக்கொண்டாள், இடது கையால்.
வலது முழங்கைக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள்.
ஏழாவது படிக்கிறாள்.
"இழுத்துப் புடிக்கட்டா?" என்றாள்,
வேறொன்றும் கேட்கவில்லை.

ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் இருநூற்றுப் பதினாறு வண்டி.
அதிவேகமான பத்தில் ஆறு
இதே தெருவில் கேட்டைத் திறந்து உள்ளே போயின.
மனுவின் முதல் கையெழுத்துக்காரர்
கொக்கியில் பால் பாக்கெட் ஆட வந்தார். ஐம்பத்தொன்று.
எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன்.
என் வண்டியிலும் ஸ்பீடாமீட்டர் முள் படுத்து
இரண்டு வருஷமாகிறது.

தெருக்கோடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை.
ஏற்காட்டுக்கு ஏற இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறது.
மெதுவாகப் போகச் சொல்லி அங்கே யாரும் மனு கொடுத்ததில்லை.
மலையே முடிவு செய்துவிட்டது.
இங்கே தரை சமம், அதுதான் சிக்கல்.
போன வருஷம் குழியெல்லாம் மூடி
வழுவழுவென்று தார் போட்டுக் கொடுத்தவர்களும் நாங்கள்தான்.

வேண்டாம் என்றவர் ஒருவர்.
மாதேஸ். ராத்திரி ஒன்பதுக்கு மேல்
பட்டறையிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசு கொண்டுபோகிறவர்.
"மேட்டுல ஏறுனா கத்தும்க்கா.
பையில என்ன இருக்குன்னு
ஊருக்கே சொல்லிரும்."
எங்கள் விதிப்புத்தகத்தில்
உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் மூன்று புள்ளி ஏழு மீட்டர்.
வெள்ளி வாய் திறப்பதைப் பற்றி
அதில் ஒரு வரி இல்லை.

கடைசியில் பூட்டிக்கிடந்த வீட்டின் முன் போட்டோம்.
பூட்டு ஆட்சேபிக்கவில்லை.

மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று
சாக்கடை ஓரம் ஒன்றரை அடி விட்டிருந்தோம்.
மூன்றாம் நாளே தெரு அதைக் கண்டுபிடித்தது.
அத்தனை இரு சக்கரமும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
அந்தச் சந்தில் நழுவின.
பூட்டிய வீட்டின் சுவரில்
ஹேண்டில்பார் உயரத்தில் ஒரு நீளக் கீறல்,
பள்ளிக்கூடப் பிள்ளை ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல்.

அடுத்த வாரம் அந்த ஒன்றரை அடியில்
ஒரு ஆட்டுக்கல் உட்கார்ந்திருந்தது.
யார் வைத்தது என்று கேட்டேன்.
நாற்பத்து மூன்று பேருக்கும் தெரியவில்லை.
தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

அறிக்கையில் எழுதினேன்:
ஆக்கிரமிப்பு – ஆட்டுக்கல், ஒன்று.
நடவடிக்கை –
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

மறு அளவு எடுக்கப் போன இரவு
மாதேஸ் வந்தார். மேட்டுக்குப் பத்தடி முன்பே
எஞ்சினை அணைத்தார், இறங்கினார்.
டேங்கின் மேல் பை,
பையைச் சுற்றி மடித்த பெட்ஷீட்.
முன்சக்கரம் ஏற, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
பின்சக்கரம் இறங்க, மீண்டும் ஒருமுறை.
சின்னப்பையன் பழக்கதோஷத்தில் கையை இறக்கியிருந்தான்.
நான் போனைப் பார்க்கவே இல்லை.

லேசாக ஏதோ சிணுங்கியது.
எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்
திரும்பப் படுத்துக்கொண்டது.