முதலில் சிவப்பு

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போகிற றோட்டில்
ரயர் கடைக்கும் தண்ணிக் கடைக்கும் நடுவில் என் சலூன்.
சனிக்கிழமை, பதினொரு மணி வெயிலில்
ஸ்கூட்டியை நிறுத்தித் தலையில் சால்வையோடு வந்தாள் நிருத்திகா.
சால்வையைக் கழற்றியதும் கண்ணாடிக்கு முன்
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வவுனியாவில் போட்ட பொன் கீற்றுகள்.
மூன்று மாதம் எங்கள் கிணற்றில் முழுகினால்
பொன் துருவாகும். அதை அங்கே யாரும் சொல்லுவதில்லை.
துருவை மறைக்க அவளே வீட்டில் பூசியிருக்கிறாள்,
பெட்டியில் சிரிக்கிற பெண்ணின் சாம்பல் பிறவுணை.
இப்போது பச்சை.
ஆவணியில் குளம் வற்றும்போது
அணைக்கட்டுக் கல்லில் காய்ந்து ஒட்டியிருக்குமே,
அந்தப் பச்சை.

மறைக்க வருகிறவர்கள் காரணத்தையும் கொண்டு வருவார்கள்.
மாப்பிள்ளை வீட்டார் வருகினம். அதிபர் கூப்பிட்டுக் கதைச்சவர்.
செத்தவீட்டுக்குப் போகவேணும் அக்கா, இந்தத் தலையோட எப்பிடி.
நான் சீப்பைக் கழுவிக்கொண்டு காத்திருந்தேன்.
"சும்மாதான்" என்றாள். "என்ர முகத்துக்குச் சரிவரேல்ல."
வேறொன்றும் இல்லை.
எனக்கு அது பிடித்திருந்தது,
பிடிக்காமல் போவதற்கு ஒருவரிடமும் அவள் அனுமதி கேட்காதது.

"கறுப்பை அப்பிடியே அப்பிவிடுங்கோ."
அப்பலாம். ஒரு கிழமை நிற்கும்.
வெளுத்த மயிர் உள்ளே கோறை, கறுப்பு தங்காது.
கறுப்புக்குள் எப்போதும் ஒரு சிவப்பு இருந்தது,
அதையும் பிளீச் தின்றுவிட்டது.
அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான்
கறுப்பிடம் போகலாம்.
சொன்னேன். நம்பவில்லை.
செம்பு ரியூப்பைப் பிதுக்கிப் பூசியதும்
கண்ணாடியில் செவ்வரத்தையாய் இருந்தவள்
"அக்கா, இனி நான் பஸ்ஸிலகூட ஏறேலாது" என்றாள்,
பாதிச் சிரிப்பு, பாதி மற்றது.

"இதெல்லாம் எங்க படிச்சனீங்கள்?"
சான்றிதழ் சுவரில் இருக்கிறது, சட்டம் போட்டு.
பயிற்சி நடந்த இடத்தின் பேருக்கு மேலே
பலசரக்குக் கடைக் கலண்டர் தொங்குகிறது.
"ஆறு மாதக் கோர்ஸ்" என்றேன்.
அவள் கலண்டரைப் பார்த்து
இன்றைக்கு நாள் நல்லதோ என்று கேட்டாள்.

சிவப்பின் மேல் கடும் பிறவுண். முப்பத்தைந்து நிமிடம்.
இருபத்தெட்டில் கரண்ட் போனது.
மோட்டர் இல்லை, தாங்கியில் ஒரு வாளிக்கும் காணாது,
மணிக்கூடு மட்டும் ஓடுகிறது.
ரயர் கடைச் சுலக்சனைக் கூப்பிட்டேன்.
கிறீஸ் கையோடு தண்ணிக் கடைக்கு ஓடி
தோளில் ஒரு கான், பிறகு திரும்பப் போய் இன்னொரு கான்:
சிறுநீரகத்துக்குப் பயந்து
ஊரே காசு கொடுத்துக் குடிக்கிற வடிகட்டின தண்ணி.
அதை அவள் தலையில் ஊற்றினேன்.
முதலில் மை, பிறகு தேயிலைச் சாயம், பிறகு வெறும் தண்ணி.
"அக்கா, குடிக்கிற தண்ணியெல்லோ" என்று
பேசினுக்குள் இருந்து குரல்.
"அப்ப குடி" என்றேன்.
மூன்று பேரும் சிரித்தோம்,
சுலக்சன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு.

துவாயால் துடைத்து வாசலில் வெயிலுக்கு நிறுத்திப் பார்த்தேன்.
இடது காதுக்குப் பின்னால் ஒரு விரலளவு இன்னும் பச்சை.
சொன்னேன்.
"அந்த இடம் எனக்குத் தெரியாதுதானே" என்றாள்.
தண்ணிக்கும் சேர்த்துக் காசு தந்தாள்.
பிறகு, இவ்வளவு பாட்டுக்கும் மேலே
ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

கையுறை கிழிந்த இடத்தில்
என் சின்னவிரல் நகம் கறுப்பு.
செவ்வாய் வரை சோறு பிசையும்போதெல்லாம் தெரிந்தது.
கலண்டரில் நாளுக்கொரு தாள் கிழிக்கிறேன்,
மெலிந்துகொண்டு வருகிறது.
மட்டை அப்படியே இருக்கிறது.