முப்பத்தொன்பது சிவப்பு

அரை மணி நேரம்
அடுத்தவர் வண்டியின் பனியைத் தள்ளியிருக்கிறேன்.
கூரை, முன்கண்ணாடி, கதவிடுக்கு.
வைப்பர்களைக்கூட ஒவ்வொன்றாய்த் தூக்கி நிறுத்தி
ஒட்டியிருந்த ஐஸைச் சுரண்டியாயிற்று.
ரிமோட்டின் பேட்டரி குளிரில் படுத்துவிட்டிருந்தது.
சாவி பாதியில் நின்று மறுத்தபோதுதான் தெரிந்தது
இது என் லாடா இல்லை.
தூக்கிய வைப்பர்களை இறக்காமலே ஓடினேன்.

யாரைக் குறை சொல்ல?
டிசம்பர் தொடக்கத்தில் போன சூரியன்
ஜனவரி பாதியில்தான் மூர்மன்ஸ்க் பக்கம் தலைகாட்டும்.
அதுவரை எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தின் முற்றத்தில்
நாற்பது வெள்ளை மேடுகள்.
ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் ஒரு சிவப்புப் புள்ளி
பனியின் தோலுக்கு அடியில் விட்டுவிட்டு எரியும்:
விழித்திருக்கிறேன், தொடாதே.
விழித்திருக்கிறேன், தொடாதே.
நாற்பதும் ஒரே வாக்கியத்தை
ஒரே நிறத்தில் சொன்னால்
துறைமுகத்து நிலக்கரிக் கிரேனுக்கு
ராத்திரி ஷிப்டுக்கு ஓடுகிறவள்
எதைத் தன்னுடையது என்று கண்டாள்?

ஞாயிற்றுக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
டாஷ்போர்டின் மூடியை நெம்பினேன்;
கொக்கி ஒன்று அப்பளமாய் நொறுங்கியது.
சிவப்பு எல்.இ.டி.யை வயரோடு கத்தரித்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஏழாம் மாடி ஏறினேன்.
சமையல் மேசையில் ஒருபக்கம் முட்டைக்கோஸ் சூப்,
மறுபக்கம் சால்டரிங் அயர்ன்.
இரண்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.
நீலம் போலீஸ்காரன் நிறம், வேண்டாம்.
வெள்ளை பனியோடு பனியாகிவிடும்.
டப்பாவில் மிச்சமிருந்தது பச்சை.

முதல் தடவை எரியவில்லை.
நீளக்கால் நேர், குட்டைக்கால் எதிர்;
பதினெட்டு வருஷமாய் மின்சாரத்தோடு குடும்பம் நடத்துகிறவள்
திருப்பிப் பொருத்தியிருந்தேன்.
இரண்டாம் தடவை எரிந்தது, வேண்டாவெறுப்பாய்.
சிவப்புக்கு இரண்டு வோல்ட் போதும்,
இது மூன்று கேட்கிற ஜாதி.
மின்தடையைச் சின்னதாக்கினேன்.
அவ்வளவுதான், சமையலறைக்கே பாசி பிடித்துவிட்டது:
சுவர், சூப், என் விரல்கள்.
நகம் தேய்க்கிற அட்டையால்
அதன் மொட்டைத்தலையைத் தேய்த்துத் தேய்த்து
கூச்சத்தை எடுத்தேன்.
உரித்த திராட்சையின் வெளிச்சம் வந்தது.

தங்கை வார்வரா போனில் சிரித்தாள்.
"பச்சை என்றால் போகலாம் என்று அர்த்தம், தைசியா.
திருடனுக்கு நீயே வழிவிட்டிருக்கிறாய்."
அவளிடம் ஒன்றைச் சொன்னதில்லை.
அந்த அலாரத்தின் தொண்டை அடைத்து
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
கதவையே பெயர்த்தாலும் கத்தாது.
குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்;
இது குரைக்கவும் குரைக்காது,
கண்ணை மட்டும் சிமிட்டும்.
எந்த நிறத்தில் சிமிட்டினால் என்ன?

அன்றிரவு ஜன்னலில் நின்று எண்ணினேன்.
முப்பத்தொன்பது சிவப்பு. ஒரு பச்சை.
அதோ, அது என்னுடையது
என்று விரல் நீட்டினேன்.
அறையில் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வரை
வானம் கிழிந்து கொட்டியது.
மண்வாரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால்
பச்சை ஏற்கெனவே வெளியே வந்து நிற்கிறது.
கூரை சுத்தம். கதவிடுக்கு சுத்தம்.
வைப்பர்கள் இரண்டும்
சரணடைந்தவன் கைகளைப்போல் தூக்கி நின்றன,
நான் அன்று விட்டுவிட்டு ஓடிய அதே கோணத்தில்.

நாலு வண்டி தள்ளி
மூன்றாம் மாடி அர்ஹீப்
தன் மேட்டைக் குடைந்துகொண்டிருந்தார்.
பனிக்கு உள்ளே சாம்பல் நிறத்தில்
ஒரு லாடாவின் மூக்கு தெரிந்தது.

"நீங்களா?" என்றேன்.

நிமிரவில்லை.
"இருட்டு," என்றார்.
"என் வண்டி என்று நினைத்துவிட்டேன்."

எங்களுக்கு நடுவில்
பச்சை ஒருமுறை சிமிட்டியது.
மறுபடி சிமிட்டியது.
"ஆமாம்," என்றேன்,
"ஒன்றும் தெரியவில்லைதான்."