பத்தொன்பது மில்லிமீட்டர்

குமாரபாளையத்தில் ஷிப்ட் மாறுகிற நேரம்
எங்களுக்கு ஒதுக்கியது காலை ஆறிலிருந்து ஏழரை.
தறிக்குடோன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
ஸ்டீல் தட்டில் வாய்க்கண்ணாடிகள்,
என் நெற்றியில் ஒரு விளக்கு,
சம்மதப் படிவம் முந்நூற்று எண்பது பிரதி.
பல் மருத்துவக் கல்லூரி வேனைப்
பாவு லாரி வருமென்று
இரண்டு முறை நகர்த்தச் சொல்லிவிட்டார்கள்.

என் ஆய்வின் தலைப்பு இரண்டரை வரி.
சுருக்கினால்:
பாக்குத்தூள் அடக்குகிறவர்களின் வாய்
எவ்வளவு திறக்கிறது.

மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனிவரை
வெர்னியர் வைத்து அளப்பேன்.
பிறகு கையுறை விரலைக் கன்னத்துக்குள் விட்டுத் தடவுவேன்.
இளகியிருக்க வேண்டிய சதையில்
நெட்டுக்குத்தாய் நார்கள்.
"பாவு இறுகிப்போச்சுங்ளா?"
விரலை எடுத்ததும் கேட்டார் ஒருவர்.
நான் படித்த எந்தப் புத்தகமும்
அதை அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

பதிவு எண் 117. செங்கோடன். வயது நாற்பத்தொன்று.
பதினாறு வருடம் ராத்திரித் தறி.
"தூக்கம் வராம இருக்கத்தானுங்.
ரெண்டு மணிக்கு ஒரு பொட்டலம், நாலு மணிக்கு ஒண்ணு."
எங்கே வாங்குகிறீர்கள் என்றதும்
டீக்கடைப் பக்கம் பார்த்துவிடாதிருக்கப் பாடுபட்டார்.
மூன்று முறை அளப்பது விதி.
பத்தொன்பது, பத்தொன்பது, பதினெட்டரை.

காரம் எரிகிறதா? எரிகிறது.
சோற்றுருண்டை நுழைகிறதா? சிறுசா உருட்டினால்.
கொட்டாவி? சிரித்தார், சிரிப்பென்றுதான் நினைக்கிறேன்.
பேசுவதில் சிரமம்?
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்."
இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

பின்னால் நின்றவள் பாவாயி.
பக்கத்துத் தறி. அவர் மனைவி.
"இல்லீன்னா எழுதிப்போட்டீங்?" என்றாள்.
கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

முப்பத்திரண்டு தறி.
என் காதில் வாய்வைத்துக் கத்தினாலும் கேட்காது.
அங்கே யாரும் கத்தவில்லை.
பேசிக்கொண்டிருந்தார்கள்.
உதடு வட்டமாகி, அகன்று,
பல் தெரிய, நாக்கு தெரிய,
இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு
சீட்டுப்பணம், மகளின் மார்க்கு,
ஓனருக்குக் கொடுக்க வேண்டிய முன்பணப் பாக்கி.
ஒரு சொல்லுக்கும் ஓசையில்லை.
எல்லாம் கண்ணால் கேட்கிற பேச்சு.

"மூணு வருசமா இவரு பேசறது எனக்குத் தெரியறதில்லீங்.
வாய் என்னமோ அசையுது.
வான்னாலும் ஒண்ணுதான், போன்னாலும் ஒண்ணுதான்.
மத்தவிய சிரிக்கறாங்கன்னு பேச்சையே உட்டுட்டாரு.
இப்ப கழிவு நூலைச் சுருட்டி எம்மேல எறிவாரு.
ஒண்ணுன்னா டீ.
ரெண்டுன்னா பாவு அந்துபோச்சு."

மூன்று?
"அது உங்களுக்கு எதுக்குங்?" என்று
முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரியில் ஹெப்சிபா மேடம்
நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.
பிறகு, கேள்வித்தாளை நடுவில் மாற்ற முடியாது,
நெறிமுறைக் குழு ஒப்பிய பிரதி அது என்றார்.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள், என்றார்.

பயிற்சிக்கு ஐஸ் குச்சிகள் கொடுத்திருந்தேன்.
பல்லிடுக்கில் அடுக்கி வைத்து,
தாங்கினால் வாரத்துக்கு ஒன்று கூட்ட வேண்டும்.
பொட்டலத்தை நிறுத்தச் சொல்லியிருந்தேன்.
குறைத்தார். நிறுத்தினார் என்று எழுத முடியாது.

ஆறாம் மாத மறு அளவு: இருபத்திரண்டு.
மூன்று மில்லிமீட்டர்.
என் கைநடுக்கத்திலேயே ஒன்று போய்விடும்.

வேன் கிளம்பும்போது பாவாயி ஓடிவந்தாள்,
முடியெல்லாம் பஞ்சு.
"டாக்டரம்மா, நேத்து ராத்திரி ஒரு வார்த்தை தெரிஞ்சுதுங்."
என்ன வார்த்தை?
"போடின்னாரு."

எழுதிக்கிட்டீங்ளா என்று
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
பென்சில் பைக்குள் எங்கேயோ கிடந்தது.
டிரைவர் ஹாரன் அடித்தார்.