படிகாரம்

வெண்கல சிலிண்டரின் கடைசித் துளையில்
முறிந்து நின்றுவிட்டது டேப்.
ட்ரில் அதன்மேல் வழுக்கியது.
லேத்தை அணைத்துவிட்டு
ஆம்பூரைத் தாண்டும் சரக்கு ரயிலில்
பெட்டிகள் எண்ணினேன்:
ஐம்பத்தெட்டு.

தோல் ஷாப்பில் வேலைபார்க்கும் இர்ஷாத்
வந்து குனிந்து பார்த்தார்.
"படிகாரத் தண்ணியில கொதிக்க விடுங்க.
எஃகைத் தின்னும், வெண்கலத்தைத் தொடாது."

இரவு பத்தரை. கடை ஏது?
வாசல் நிலையில் திருஷ்டிக்குத் தொங்கிய கட்டியைக்
கறுப்புக் கயிற்றோடு அறுத்தேன்.

மண்சட்டியில் இரண்டு நாள்.
குமுதவல்லிக்கு ஓட்டல் இட்லி.

மூன்றாம் நாள்
கருஞ்சேறாய் உதிர்ந்தது டேப்.
மரை கெடவில்லை.
துடைத்து,
துளைவாயில் உதடு வைத்து ஊதினேன்.
பாய்லரே இன்னும் செய்யாத
என் குட்டி நீராவி எஞ்சின்
மெலிதாய்க் கூவியது.

அடுப்படியிலிருந்து அவள்:
"வாசலுக்குப் புதுசு வாங்கியாச்சா?"