கைராசி

பானெட்டைத் திறந்ததும் கயிற்றால் கட்டிவிட வேண்டும்.
கட்டாவிட்டால் பட்டகோனியாவின் காற்று
அதைக் கீலோடு பிய்த்துக்கொண்டு போய்விடும்.
மேற்கே மூக்கை வைத்து நிறுத்தியிருந்தார் எவாரிஸ்தோ,
ஜூனில், கடைசியாக.
அந்த வாரமே அவரைப் புதைத்தோம்.

மூன்றே கேள்விதான் என்கிறது கையேடு.
பெட்ரோல் வருகிறதா, காற்று போகிறதா, தீப்பொறி இருக்கிறதா.
காற்றைப் பற்றி இங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை.

எழுபத்து நாலாம் வருட லேண்ட் ரோவர்.
பேட்டரி வென்ச்சுனாவின் டிராக்டரிலிருந்து இரவல்.
சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது,
நன்றாகத்தான் சுற்றுகிறது,
பற்றத்தான் மாட்டேன் என்கிறது.
பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது,
அடியில் ஒரு சிட்டிகை துரு.
கார்புரேட்டரை முகர்ந்து பார்த்தேன். அளவான வாசனை.
மூழ்கவில்லை.

மூழ்கடிப்பது நான்தான் என்பது இந்த வீட்டுச் சட்டம்.
“பெடலை அந்த மிதி மிதித்தால் எந்த வண்டி கிளம்பும்?
உனக்குக் கைராசி இல்லை, நெலிதா.
நான் சொன்னால்தான் அது கேட்கும்.”
கேட்கவும் செய்தது.
அக்காவுக்குக் குழந்தை பிறந்த வாரம்
பகல் முழுக்கத் திருகினேன், மணிக்கட்டு வீங்கியது.
சாயங்காலம் அவர் வந்தார். ஒரே திருப்பு.
“இப்போது போகிறாயா?” என்று கேட்டார்,
இருட்டிய பாதையைப் பார்த்துக்கொண்டே.

ஒரு பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் சாய்த்துவிட்டு
பொழுது சாயக் காத்திருந்தேன்.
பகலில் பொறி கண்ணுக்குத் தெரியாது.
ஒரு கெட்டில் மாத்தே தீர்ந்தது.
ஆடுகள் வேலியோரம் ஒண்டிக்கொண்டன.
பிறகு சாவியைத் திறந்துவைத்து, முன்னால் வந்து,
ஒரு கண்ணைப் பிளக்கில் வைத்தபடி
இரும்புக் கைப்பிடியைச் சுற்றினேன்.
இருட்டு.
சுற்றினேன். இருட்டு.

ஆக, தீப்பொறி இல்லை.
இத்தனை வருடத்தில் இந்த வண்டி
எனக்குச் சொன்ன முதல் பதில்.

இண்டிகேட்டர் பல்பில் இரண்டு கம்பி முறுக்கி விளக்கு செய்தேன்.
சாவிப் பூட்டின் பின்னால் வைத்தால் எரிகிறது.
காயிலில் வைத்தால் எரியவில்லை.
நடுவே ஐந்தாறு சாண் தூரம்தான்.
அதற்குள் எங்கே போய்த் தொலைகிறது மின்சாரம்?
கையேட்டின் படத்தில் வெள்ளைக் கம்பி நேராகப் போகிறது.
வண்டியின் வெள்ளைக் கம்பி
பாதி வழியில் ஒரு டேப்புக்குள் நுழைந்து
நீலமாக வெளியே வந்தது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நீலத்தின் பின்னாலேயே போனேன்.
தகட்டைத் துளைத்து, ரப்பர் விரிப்புக்கு அடியில் ஊர்ந்து,
ஓட்டுகிறவர் இருக்கைக்குக் கீழே,
குனிந்து தேடினாலும் தெரியாத இடத்தில்,
உட்கார்ந்து இடது கையைத் தொங்கவிட்டால்
விரல் தானாகப் போய்த் தொடுகிற இடத்தில்
ஒரு சின்ன கறுப்பு சுவிட்ச்.

திருடனுக்காக வைத்தது என்று நினைக்கப் பார்த்தேன்.
நாற்பது கிலோமீட்டருக்கு ஆளில்லாத இடத்தில்
எந்தத் திருடன், எவாரிஸ்தோ?

அக்காவின் குழந்தை.
பல்வலியில் துடித்த பிப்ரவரி.
பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலைக்கு
வரச்சொல்லியிருந்த திங்கட்கிழமை.
வெறும் மாவு வாங்கக் கிளம்பிய நாளெல்லாம் உடனே பிடித்துக்கொண்டது,
அதையும் சொல்ல வேண்டும்.

பிளக்கைத் திரும்ப மாட்டி சுவிட்சைத் தட்டினேன்.
அரைச் சுற்றில் பற்றியது, என் கைக்கு.
கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன்.

அறுத்துப்போட்டால் ஆத்திரம் தீரும், வண்டி நகராது.
நீலத்தை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு
வெள்ளையின் முனைகளைச் சீவி, ஒன்றோடொன்று முறுக்கி,
டேப் சுற்ற வேண்டும்.
விரல்கள் விறைத்திருந்தன. மூன்று தடவை நழுவியது.

காலையில் வென்ச்சுனாவ் குதிரையில் வந்தார்.
“என்ன கோளாறாம்?”
“ஒரு கம்பி” என்றேன்.
“பேட்டரி?”
“ஞாயிற்றுக்கிழமை தருகிறேன்.
கோமோதோரோவில் அக்காவைப் பார்த்துவிட்டு.”
அந்தக் குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது.